கவாத்தும் நுனி கிள்ளுதலும்: மதுரை மல்லிகைத் தோட்டங்களை முன்வைத்து

கவாத்து என்பது செடி, கொடி, மரங்களின் கிளைகளைக் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட அளவில் வெட்டி, புதிய துளிர்களையும் பூக்களையும் கூடுதலாகப் பெறும் வேளாண் முறையாகும். நுனி கிள்ளுதல் என்பது வளரும் தண்டின் உச்சியிலுள்ள மொட்டை மட்டும் நீக்கி, பக்கக் கிளைகளைப் பெருக்கும் முறையாகும். முன்னதற்குக் கத்தரியோ அரிவாளோ வேண்டும். பின்னதற்கு இரண்டு விரல்கள் போதும். இரண்டுக்கும் அடிப்படையான தாவரவியல் உண்மை ஒன்றே.

மதுரை நகரைச் சுற்றியுள்ள சமவெளியில் இம்முறைகளை அறிய மிகப் பொருத்தமான பயிர் மல்லிகை. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, ஆண்டுதோறும் வெட்டப்பட்டால்தான் நிறைவாகப் பூக்கும். எந்த மாதத்தில் வெட்டுவது என்பது அந்த ஆண்டின் வருமானத்தையே முடிவு செய்வதால், சிறு உழவர்களுக்கு இது குடும்பத்தின் வரவு செலவைத் தொடும் செய்தியாகிறது.

சொல்லும் பொருளும்

கவாத்து என்ற சொல் தமிழில் இரண்டு பொருளில் வழங்குகிறது. காவலரும் படைவீரரும் செய்யும் அணிவகுப்புப் பயிற்சியும் கவாத்துதான். செடியை வெட்டி ஒழுங்குபடுத்துவதும் கவாத்துதான். தோட்டப் பயிர் செய்வோரிடம் இரண்டாம் பொருளே பெருவழக்கு. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களில் அன்றாடம் புழங்கும் சொல் இது. தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாக வளரும். அதைக் கவாத்து செய்து இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி, மேற்பரப்பை மேசைபோல் பரப்பிவிடுகிறார்கள். பிறகு நடக்கும் கொழுந்து பறிப்பும் ஒரு வகையில் நுனி கிள்ளுதலே. பறிக்கப் பறிக்கப் பக்கத்திலிருந்து புதுக் கொழுந்து வருகிறது.

வேளாண்மையில் வெட்டும் முறைகளை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. நுனி கிள்ளுதல்: இளஞ்செடியின் உச்சி மொட்டை நீக்குதல்.
2. தலை வெட்டுதல்: வளர்ந்த செடியின் எல்லாக் கிளைகளையும் ஒரே உயரத்தில் வெட்டிக் குட்டையாக்குதல்.
3. களைதல்: காய்ந்த, நோயுற்ற, குறுக்கிட்டு உரசும் கிளைகளை அடியோடு நீக்கி உட்புறம் வெளிச்சம் படச் செய்தல்.
4. மறுதாம்புக்காக வெட்டுதல்: ஒரு அறுவடை முடிந்தபின் அடித்தண்டை மட்டும் விட்டு வெட்டி, அதே செடியிலிருந்து அடுத்த விளைச்சல் எடுத்தல்.

மல்லிகைக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நாளில் செய்யப்படுகின்றன.

வெட்டினால் ஏன் கிளைக்கிறது?

தண்டில் இலை முளைக்கும் இடத்துக்குக் கணு என்று பெயர். ஒவ்வொரு இலையும் தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கிறது. அது பக்கவாட்டு மொட்டு. அது கிளையாக வளரக் கூடியது. ஆனாலும் பெரும்பாலும் உறங்கிக்கிடக்கிறது. உச்சி மொட்டு வளர்ந்துகொண்டிருக்கும் வரை கீழே உள்ள மொட்டுகளை அது அடக்கிவைக்கிறது. இதையே பள்ளிப் பாடநூல்கள் நுனி ஆதிக்கம் என்கின்றன.

உச்சியில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை படிப்படியாகக் கிடைத்தது. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில், புல் நாற்றின் நுனிதான் ஒளியை உணர்கிறது என்றும், அதன் விளைவு கீழ்ப்பகுதிக்குக் கடத்தப்படுகிறது என்றும் காட்டினர். 1920களின் பிற்பகுதியில் டச்சு அறிஞர் பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டி அகார் கட்டியின்மேல் வைத்து, நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருள் அதற்குள் இறங்குவதை மெய்ப்பித்தார். அந்தப் பொருள் ஆக்சின் எனப் பெயர் பெற்றது. தாவரங்களில் இயற்கையாகக் காணப்படும் முதன்மையான ஆக்சின், இன்டோல் அசிட்டிக் அமிலம்.

1933இல் கென்னத் திமான், போல்க் ஸ்கூக் என்ற இருவர் ஒரு வகை அவரைச் செடியில் சோதனை செய்தனர். நுனியைக் கிள்ளியபோது பக்கவாட்டு மொட்டுகள் வளர்ந்தன. கிள்ளிய இடத்தில் ஆக்சின் கலந்த அகாரை வைத்தபோது அவை வளரவில்லை. நுனி இல்லாவிட்டாலும் ஆக்சின் மட்டும் இருந்தால் அடக்குதல் தொடரும் என்பது இதனால் தெளிவாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் பக்கவாட்டு மொட்டுக்குள் நேரடியாகப் புகுவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. வேறு சில பொருள்களின் வழியாகவே அது வேலை செய்கிறது. அவற்றுள் முக்கியமானவை இரண்டு: மொட்டை எழுப்பும் சைட்டோகைனின், மொட்டை அடக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன். ஸ்ட்ரைகோலாக்டோனுக்குக் கிளைத்தலைக் கட்டுப்படுத்தும் வேலை உண்டு என்பது 2008இல்தான் வெளியாயிற்று. 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. நுனியை வெட்டியவுடன், ஆக்சின் அளவு குறையும் முன்பே கீழுள்ள மொட்டுகள் வளரத் தொடங்கிவிடுகின்றன. காரணம் சர்க்கரை. வளரும் நுனி இலைகளில் தயாரான சர்க்கரையைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது; நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்கவாட்டு மொட்டுகளுக்குக் கிடைக்கிறது.

எளிமையாகச் சொன்னால், நுனி என்பது வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர். அவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இலை விழும்.

மல்லிகை எங்கே பூக்கிறது?

எந்தப் பயிரையும் வெட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது புதுத் துளிரில் பூக்கிறதா, முந்தைய பருவத்தில் முற்றிய கிளையில் பூக்கிறதா என்பதே.

மதுரை மல்லியின் தாவரப் பெயர் ஜாஸ்மினம் சம்பாக். இதன் பூங்கொத்து, அந்தப் பருவத்தில் எழுந்த புதுத் துளிரின் முனையில் தோன்றுகிறது. எனவே புதுத் துளிர் எத்தனையோ, ஏறத்தாழ அத்தனை பூங்கொத்து. பழைய கிளையில் இலை இருக்கும், நிழல் இருக்கும், பூ இருக்காது. வெட்டாமல் விட்ட மல்லிகைப் புதர் பார்வைக்குப் பெரிதாக இருந்தும் பறிப்போர் கூடையில் பூ குறைவாக விழுவது இதனால்தான்.

மல்லிகையின் இலைகள் எதிரெதிராக, கணுவுக்கு இரண்டாக அமைந்தவை. ஆகவே ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கே இரண்டு மொட்டுகள் காத்திருக்கின்றன. பத்துக் கிளைகளை வெட்டினால் மேல் கணுவிலிருந்து மட்டுமே இருபது துளிர்கள் வரலாம். அதற்குக் கீழுள்ள கணுக்களும் எழுந்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். தண்ணீரும் உரமும் வெயிலும் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு வயலில் பலிக்கும்.

கவாத்து செய்யும் காலம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பரிந்துரைகளில் மூன்று மல்லிகை வகைகளுக்கும் தனித்தனிக் காலம் குறிக்கப்பட்டுள்ளது.

குண்டுமல்லி (மதுரை மல்லி இவ்வகையே): நவம்பர் கடைசி வாரம்.
பிச்சி எனப்படும் சாதிமல்லி: டிசம்பர் கடைசி வாரம்.
முல்லை: ஜனவரி கடைசி வாரம்.

குண்டுமல்லியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டுவது பரிந்துரை. ஏறத்தாழ ஒன்றரை அடிக்குச் சற்று மேல்.

நவம்பர் கடைசி வாரம் என்பதற்கு வயலில் காரணங்கள் உண்டு. மதுரைச் சமவெளிக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கைத் தருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரிலும் நவம்பரிலும் அடைமழை பெய்யும் நாட்களில் வெட்டினால் வெட்டுவாய் காயாமல் பூஞ்சை பிடிக்கும். நவம்பர் கடைசியில் மழை தணியத் தொடங்குகிறது. நிலத்தில் ஈரம் இருக்கிறது. பனியும் குளிரும் வருவதால் செடியும் தானாகவே ஓய்வுக்குப் போகிறது. அப்போது வெட்டினால் இழக்கும் பூ குறைவு. வெட்டிய செடி குளிரில் மெதுவாகத் துளிர்த்து, பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வெயில் ஏறும்போது பூப்பதற்கு ஆயத்தமாகிவிடுகிறது.

கவாத்து செய்யும் முறை

1. கவாத்துக்குச் சில நாட்கள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். செடியின் வளர்ச்சி வேகம் குறையும்; கிளையும் சற்று முற்றும்.

2. முதலில் களைதல். காய்ந்த குச்சிகள், நோய் கண்ட கிளைகள், ஒன்றோடொன்று உரசும் கிளைகள், அடியில் தரையோடு படரும் மெலிந்த குச்சிகள் ஆகியவற்றை அடியோடு நீக்க வேண்டும். புதரின் நடுப்பகுதிக்கு வெயிலும் காற்றும் புக வேண்டும்.

3. அடுத்துத் தலை வெட்டுதல். எஞ்சிய கிளைகளை 50 செ.மீ. உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வான வெட்டுவாயில் தண்ணீர் தங்காது. கணுவுக்கு வெகு உயரத்தில் வெட்டினால் மேலே உள்ள துண்டு காய்ந்து, அந்தக் காய்ச்சல் கீழே இறங்கும்.

4. கத்தரி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய அரிவாளால் கொத்தினால் பட்டை கிழிந்து நார் தொங்கும். அந்தக் காயம் ஆறுவது தாமதமாகும். நோயுற்ற செடியை வெட்டிய கத்தரியைத் துடைக்காமல் அடுத்த செடிக்குக் கொண்டுபோகக் கூடாது.

5. பருத்த கிளைகளின் வெட்டுவாயில் தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லியைப் பசைபோலத் தடவுவது நல்லது.

6. எஞ்சியுள்ள பழைய இலைகளை உருவிவிட்டு, வெட்டிய கழிவைத் தோட்டத்துக்கு வெளியே அகற்ற வேண்டும். மல்லிகையைத் தாக்கும் மொட்டுப்புழு, செம்பேன் போன்றவற்றின் எண்ணிக்கை இதனால் குறைகிறது.

ஐம்பது செ.மீ. என்ற உயரம் செடிக்கு மட்டுமல்ல, பறிப்போருக்கும் உதவுகிறது. மல்லிகை மொட்டு விடியும் முன் பறிக்கப்படுவது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் வரிசையாகப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அன்று மாலை விரியப்போகும் முற்றிய மொட்டை மட்டும் தேர்ந்து எடுக்க வேண்டும். புதர் கழுத்தளவு வளர்ந்து அடர்ந்துவிட்டால் உள்ளே கை போகாது. பறிக்காமல் விட்ட மொட்டு மாலையில் செடியிலேயே விரிந்து வீணாகும்.

கவாத்துக்குப் பிறகு

வெட்டுவது பாதி வேலைதான். வெட்டிய செடியிடம் இலை இல்லை; ஆகவே உணவு தயாரிக்க வழியில்லை. தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்ததைக் கொண்டே முதல் துளிரை அது விட வேண்டும். அந்தத் துளிர் எழும் வேளையில் மண்ணில் சத்து இல்லையென்றால், கவாத்தினால் கூடுவதற்கு மாறாக விளைச்சல் குறைந்துவிடும்.

குண்டுமல்லிக்கு ஆண்டொன்றுக்கு ஒரு செடிக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் என்பது பரிந்துரை. தழை, மணி, சாம்பல் சத்துகளை இரண்டு பங்காக்கி, கவாத்து முடிந்தவுடன் ஒன்றும் ஜூன்–ஜூலையில் மற்றொன்றும் இட வேண்டும். செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேரில் 6,400 செடிகள் நிற்கும். அந்த அளவுக்குத் தொழு உரம் மட்டும் 64 டன் ஆகிறது. மாடு இல்லாத உழவருக்கு இது சிறிய செலவன்று. கவாத்து செய்துவிட்டு உரத்தை ஒத்திப்போடும் தோட்டங்கள் ஏமாற்றமடைவது இங்கேதான்.

உரமிட்டபின் செடியைச் சுற்றி மண்ணைக் கொத்திவிட வேண்டும். மல்லிகை மொட்டுகளைச் சிவக்கச் செய்து கருக வைக்கும் மொட்டு ஈயின் கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கிறது. கொத்தும்போது அது வெயிலுக்கு வெளிப்பட்டு அழிகிறது. அதன் பிறகே தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

விலையும் நாளும்

இதுவரை சொன்னது செடியின் கணக்கு. உழவரின் கணக்கு வேறு.

குண்டுமல்லி மார்ச் முதல் கோடை முழுவதும் நிறையப் பூக்கிறது. அப்போது மதுரை மாட்டுத்தாவணிப் பூ வணிக வளாகத்துக்கு உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர், பக்கத்து மாவட்டத்து நிலக்கோட்டை எனப் பல பகுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகப் பூ வந்து இறங்கும். வரத்து கூடினால் விலை கிலோ 200, 300 ரூபாய்க்கு இறங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ குறைகிறது. கோயில் பூசைகள், பொங்கல், தை முகூர்த்தம் என்று தேவையோ கூடுகிறது. அந்நாட்களில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு.

நவம்பர் கடைசியில் கவாத்து செய்த உழவரிடம் அந்த உச்ச விலை நாட்களில் விற்கப் பூ இருக்காது. அவருடைய தோட்டத்தில் அப்போது குச்சிகளும் சிறு துளிர்களுமே நிற்கும்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். கிலோ 2,000 ரூபாய்க்கு ஒரு கிலோ விற்பதும், கிலோ 250 ரூபாய்க்கு எட்டுக் கிலோ விற்பதும் வரவில் ஒன்றே. ஆனால் எட்டுக் கிலோவைப் பறிக்க எட்டு மடங்கு ஆள்கூலி வேண்டும். எனவே குளிர்கால ஒரு கிலோ, கோடைகால எட்டுக் கிலோவைவிட லாபமானது. இந்தக் கணக்கு மனத்தில் ஓடும்போது, பூத்துக்கொண்டிருக்கும் செடியில் கத்தரியை வைக்க யாருக்கும் கை தயங்கும். “இந்த வருஷம் பொங்கல் தாண்டட்டும்” என்று கவாத்தைத் தள்ளிப்போடுவது இதனால்தான்.

தள்ளிப்போடுவதன் விலை பின்னால் தெரிகிறது. பிப்ரவரியில் வெட்டினால் செடி துளிர்த்துப் பூக்கும் முன் கோடைப் பருவத்தின் முதல் பகுதி கடந்துவிடும். வெட்டாமலே விட்டால் அந்த ஆண்டு புதுத் துளிர் குறையும். அடுத்த ஆண்டு புதர் இன்னும் அடர்ந்து, பூச்சியும் நோயும் தங்கும் இடமாகும். மல்லிகை ஒருமுறை நட்டால் பத்து ஆண்டுகளுக்கு மேல் பலன் தருவது. ஒரு குளிர்காலத்தின் விலைக்காகச் செய்யும் முடிவு பல கோடைகளின் விளைச்சலைத் தொடுகிறது.

இதற்கு ஒரு நடைமுறை வழி, தோட்டத்தைப் பங்கிட்டுக் கவாத்து செய்வது. நிலத்தை மூன்று பாகமாக்கி, ஒரு பாகத்தைச் செப்டம்பர் கடைசியிலும், அடுத்ததை அக்டோபர் கடைசியிலும், மூன்றாவதை நவம்பர் கடைசியிலும் வெட்டலாம். முன்னதாக வெட்டிய பாகம் கடுங்குளிர் தொடங்கும் முன் துளிர்த்துவிடுவதால், பூ குறைந்த நாட்களில் ஓரளவாவது பறிக்கக் கிடைக்கும். பறிப்பு வேலையும் ஒரே நேரத்தில் குவியாமல் பரவலாகும். இதில் ஆபத்தும் உண்டு. அக்டோபரில் வெட்டிய பாகத்தில் அடைமழை பெய்து தண்ணீர் தேங்கினால் துளிர் அழுகும். எனவே மேட்டுப்பாங்கான, வடிகால் உள்ள பாகத்தையே முன்கவாத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2023–24ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் மதுரை மல்லிகைக்கெனத் தனி இயக்கம் ஒன்றை அறிவித்தது. பருவமல்லாக் காலத்திலும் பூ கிடைக்கச் செய்வது எவ்வளவு முக்கியமான கேள்வி என்பதை உழவர்களும் அரசும் ஒருசேர உணர்ந்திருக்கிறார்கள்.

பங்கிட்டுக் கவாத்து செய்வதற்குப் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக் கொடியை வெட்டியபின் எழும் துளிரில்தான் குலை வருகிறது. கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் வெட்டும் நாள் மாறுவதால் அங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கிறது. மல்லிகைக்குக் குளிர் ஒரு தடையாக இருப்பதால் அந்த அளவுக்குச் சீராகச் செய்ய முடியாது. ஆனால் வழி அதுவே.

நுனி கிள்ளும் பிற பயிர்கள்

முருங்கை: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை இப்பகுதியில் பரவலாகப் பயிராகிறது. விதைத்து இரண்டு மாதத்தில், செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கிள்ளாவிட்டால் ஒற்றைத் தண்டாக உயர்ந்து, காய் எட்டாத உயரத்தில் தொங்கும், காற்றில் முறியும். அறுவடை முடிந்தபின் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டினால், நான்கைந்து மாதத்தில் மறுதாம்பு காய்ப்புக்கு வரும்.

கேந்தி: செண்டுமல்லி என்றும் துலுக்கச் சாமந்தி என்றும் பிற பகுதிகளில் அழைக்கப்படுவது. நட்ட 30ஆம் நாள் நுனி கிள்ளப்படுகிறது. முதல் பூ சில நாட்கள் தள்ளிப்போகும். மொத்தப் பூ கூடும்.

பருத்தி: திருமங்கலம், பேரையூர்ப் பகுதியின் கரிசல் நிலப் பயிர். இங்கே நுனி கிள்ளுவதன் நோக்கம் சற்று வேறு. பருத்திச் செடி காய்ப் பருவத்திலும் மேலே வளர்ந்துகொண்டே போகும். 15ஆவது கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளிவிட்டால், உயரம் வளர்க்கச் செல்லும் சத்து காய்களுக்குத் திரும்புகிறது. ரகங்களுக்கு விதைத்த 75 முதல் 80 நாட்களிலும், வீரிய ஒட்டு வகைகளுக்கு 20ஆவது கணுவில் 85 முதல் 90 நாட்களிலும் இதைச் செய்கிறார்கள்.

மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு: காலம். முருங்கையைப் பூத்தபின் கிள்ளுவதும், பருத்தியைக் கணு போதாத நாளில் கிள்ளுவதும் நஷ்டமே.

கிள்ளக் கூடாதவை

எல்லாச் செடிக்கும் இந்த விதி பொருந்தாது. தென்னை, பனை, பாக்கு ஆகியவற்றுக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்று, அதுவே குருத்து. இலைக்கோணங்களில் இருப்பவை பாளையாக மாறுமே தவிரக் கிளையாக எழா. குருத்து போனால் மரம் போயிற்று. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைப்பதைத் தென்னை உழவர் அஞ்சுவது இதனால்தான்.

மாமரம் இன்னொரு வகை. அது முந்தைய பருவத்தில் எழுந்து நன்கு முற்றிய கிளையின் நுனியில் பூக்கிறது. மார்கழியில் மாமரத்தின் கிளை நுனிகளை வெட்டினால், தை, மாசியில் வரவேண்டிய பூவையே வெட்டியதாகும். மாவுக்குக் கவாத்து அறுவடை முடிந்தவுடன்தான். புதுத் துளிர் எழுந்து முற்றுவதற்கு அதன்பின் மாதங்கள் கிடைக்க வேண்டும். ஒரே டிசம்பரில் மல்லிகைக்கு நன்மையாகும் வெட்டு, பக்கத்தில் நிற்கும் மாமரத்துக்குக் கேடாகிறது.

வேர் பிடிக்காத புதுக்கன்று, வறட்சியில் வாடும் செடி, நோயால் நலிந்த செடி ஆகியவற்றையும் கடுமையாக வெட்டக் கூடாது. புதிதாகத் துளிர்க்கச் சேமிப்பு வேண்டும். அது அவற்றிடம் இல்லை. தங்கச்சிமடம் நாற்றங்கால்களிலிருந்து வாங்கி நட்ட மல்லிகைக் கன்று முதலில் வேர் பிடித்துப் பரவட்டும். முழுக் கவாத்து அதன் பிறகே.

மாணவர்கள் செய்து பார்க்க

ஒரே அளவுள்ள நான்கு தொட்டிகளில் தட்டைப்பயறு விதைக்கவும். செடிகள் நான்கைந்து இலை விட்டதும், இரண்டு தொட்டிகளில் மட்டும் உச்சி மொட்டைக் கிள்ளவும். மற்ற இரண்டையும் அப்படியே விடவும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீரும் ஒரே அளவு வெயிலும் கிடைக்க வேண்டும். மூன்று நாட்களுக்கு ஒருமுறை செடியின் உயரத்தையும் பக்கக் கிளைகளின் எண்ணிக்கையையும் அட்டவணையில் குறிக்கவும். மூன்று வாரங்களில், கிள்ளாத செடி உயரத்திலும் கிள்ளிய செடி கிளை எண்ணிக்கையிலும் முந்தியிருப்பதைக் காணலாம். எந்தக் கணுவிலிருந்து முதல் கிளை எழுந்தது என்பதையும் குறித்துவைத்தால், நுனிக்கு அருகிலுள்ள மொட்டு முதலில் விழித்ததா, தொலைவிலுள்ளது விழித்ததா என்று வகுப்பில் விவாதிக்கலாம். இரண்டு செடிகளும் காய்க்கும் வரை வைத்திருந்து காய்களை எண்ணினால், கிளை கூடியதால் காயும் கூடியதா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

தொகுப்பு

கவாத்தும் நுனி கிள்ளுதலும் செடிக்குப் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. உச்சிக்குச் செல்லும் உணவையும் அதிகாரத்தையும் பல மொட்டுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. பங்கிடுவதற்கு இருப்பு வேண்டும் என்பதால் உரமும் நீரும் இல்லாத கவாத்து பயன் தராது. செடி பூக்கும் இடத்தை அறியாமல் வெட்டினால் பூவையே வெட்டியதாகும். மதுரை மல்லிகைக்கு இவை இரண்டோடு சந்தையின் நாளும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு வெட்டுவது என்பதைச் செடி சொல்லும். எப்போது வெட்டுவது என்பதை, செடி, மழை, விலை ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணி உழவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.